மடிக்கணினியில் இடமும் மேகச் சேமிப்பும்

சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்னும் அறிவிப்பு மடிக்கணினியின் திரையில் தோன்றும் வேளை பெரும்பாலும் வசதியான வேளையாக இருப்பதில்லை. களத்திலிருந்து மாலையில் முகாமுக்குத் திரும்பிய பணியாளர், அன்று எடுத்த புகைப்படங்களைக் கணினிக்கு மாற்ற முற்படுகையில் அது தோன்றும். மதிப்பெண் பட்டியலை அன்றே அனுப்பியாகவேண்டிய ஆசிரியருக்கும் தோன்றும். அவசரத்தில் கண்ணில் பட்ட ஏதேனும் ஒரு கோப்புறையை அழித்துவிடுவது இயல்பு. பின்னர் வருந்துவதும் இயல்பே. இந்நெருக்கடிக்குத் தீர்வாக, இணையத்தின் வழியே தொலைவிடத்தில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் ‘மேகச் சேமிப்பு’ என்னும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. அது நல்ல தீர்வுதான். ஆயினும், அம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமல் அதனைக் கையாள்வோர், இடத்தைப் பெறுவதற்கு மாறாகக் கோப்பையே இழந்துவிடக் கூடும். கணினியிலிருந்து ஒரு கோப்பை இறக்கிவைப்பதற்கும் அதனை அழித்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது இடத்தை அடைக்கிறது?

256 ஜிகாபைட் கொள்ளளவு எனக் கூறி விற்கப்பட்ட மடிக்கணினியைத் திறந்து பார்த்தால், விண்டோஸ் அமைப்பு 238 என்றே காட்டும். இதில் வணிகரின் ஏமாற்று ஏதுமில்லை. தயாரிப்பாளர் 1000த்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024ஐ அடிப்படையாகக் கொள்கிறது. இக்கொள்ளளவிலும் ஒரு பகுதியை இயக்க அமைப்பும் செயலிகளும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதே நமக்கு உரியது.

அதனையும் முழுவதும் நிரப்பிவிடுதல் கூடாது. முதன்மை நினைவகம் போதாதபோது கணினி தன் வேலையின் ஒரு பகுதியைச் சேமிப்பகத்தின் வெற்றிடத்தில் தற்காலிகமாக எழுதி வைக்கிறது. புதுப்பித்தல்களை இறக்கவும் அதற்கு இடம் வேண்டும். அன்றியும், இக்காலத்து மடிக்கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அதில் சிறு சிறு பகுதிகளாக எழுதலாம். ஆனால் பெரும் பகுதியாகவே அழிக்க முடியும். ஒவ்வொரு வரியாக எழுதக்கூடிய, ஆனால் பாதிப் பலகையாக மட்டுமே துடைக்கக்கூடிய ஒரு கரும்பலகையை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். பலகையில் வெற்றிடம் இருக்கும்வரை தொல்லையில்லை. நிறைந்துவிட்டாலோ, ஒரு வரியை மாற்றுவதற்கும் மற்ற வரிகளை வேறிடத்தில் பெயர்த்தெழுதிவிட்டுப் பாதிப் பலகையைத் துடைக்க வேண்டிவரும். நிறைந்த கணினி தாமதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடத்தை அடைப்பது எது என்பதைப் பலரும் தவறாகக் கருதுகின்றனர். கடிதங்களையும் அறிக்கைகளையும் ஒவ்வொன்றாக அழித்து ஒரு பிற்பகலையே போக்குவோர் உண்டு. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியின் முதன்மை நினைவகம் 40 பிட் கொண்ட 2048 சொற்களை மட்டுமே கொள்ளும். இன்றைய கணக்கில் அது 10 கிலோபைட். யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் பொதுவாக 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், இக்கட்டுரையின் கால் பங்குகூட அதில் அடங்காது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட இக்கட்டுரையாளருக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றுகிறது. ஆனால் இன்றைய அளவில் நோக்கின், இக்கட்டுரை 50 கிலோபைட் அளவினதே. கைபேசியில் எடுத்த ஒரு நிமிட நேரத் தெளிவான ஒளிப்படக் காட்சியோ ஏறத்தாழ 100 மெகாபைட்டை அடைத்துக்கொள்ளும். இத்தகைய கட்டுரைகள் 2000த்தை அழித்தாலும் கிடைக்கும் இடம் அவ்வொரு நிமிடக் காட்சி ஒன்றை அழிப்பதால் கிடைத்துவிடும்.

ஆகவே, முதலில் கோப்புகளை அளவின்படி வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பதிவிறக்கக் கோப்புறையில் ஒரே பாடக்காட்சி மூன்று பிரதிகளாகக் கிடப்பதும், வாட்ஸ்அப் வழியாக வந்த வாழ்த்துக் காட்சிகள் ஆண்டுக்கணக்கில் தேங்கியிருப்பதும் அப்போது புலப்படும். இவற்றை மேகத்துக்கு ஏற்றவேண்டிய அவசியமே இல்லை. குப்பையை இடம் மாற்றிக் காப்பதால் யாருக்கும் பயனில்லை. ஜேபெக் வகைப் படங்களை ஜிப் செய்து சுருக்கலாம் என எண்ணுவதும் வீண்; அவை எடுக்கப்படும்போதே சுருக்கப்பட்டவை.

மேகம் எனப்படுவது யாது?

தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் வரைபடம் வரைகையில், உள்ளமைப்பை விவரிக்க வேண்டாத வலைப்பின்னல் பகுதியை மேக வடிவில் வரைந்து காட்டுவது வழக்கம். அவ்வழக்கத்திலிருந்தே இப்பெயர் வந்தது. பெயர் ஆகாயத்தைச் சுட்டினாலும் பொருள் தரையில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சேமிப்பு எந்திரங்கள் அடுக்கப்பட்ட கட்டடங்கள், அவற்றுக்கு இடையறாத மின்சாரம், மின்தடையின்போது உதவும் மின்கலத் தொகுதிகள், வெப்பத்தை அகற்றும் குளிரூட்டிகள் ஆகியனவே மேகம். நாம் ஏற்றும் கோப்பு அவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட எந்திரங்களில் பிரதிகளாக வைக்கப்படுவதே வழக்கமாதலால், ஓர் எந்திரம் பழுதானாலும் கோப்பு அழிவதில்லை.

கூகுள் தன் கணக்கர் ஒருவருக்கு 15 ஜிகாபைட்டும், மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் 5 ஜிகாபைட்டும், ஆப்பிளின் ஐகிளவுட் 5 ஜிகாபைட்டும், டிராப்பாக்ஸ் 2 ஜிகாபைட்டும் கட்டணமின்றி வழங்குகின்றன. கூகுளின் 15 ஜிகாபைட்டில் மின்னஞ்சலும் புகைப்படங்களும் சேர்த்தே எண்ணப்படுவதால், படங்கள் நிறைந்துவிட்டால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். இவ்வளவுகள் நிலையானவை என்று எண்ணிவிடலாகாது. கூகுள் போட்டோஸ் சேவையில் சுருக்கிய படங்களைக் கணக்கில் சேராமல் ஏற்றலாம் என்றிருந்த சலுகை 2021 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டது. கல்வி நிறுவனங்களுக்கு அந்நிறுவனம் வரம்பின்றி வழங்கிவந்த இடமும் 2022 ஜூலை முதல் நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்னும் அடிப்படை வரம்புக்கு உட்படுத்தப்பட்டது.

இறக்கிவைத்தலும் அழித்தலும்

இனி, இக்கட்டுரையின் முக்கிய விஷயத்துக்கு வருவோம். மேகச் சேமிப்பு என்பதைப் பலரும் ஒரு கிடங்காகவே கருதுகின்றனர். கிடங்கில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால், வீட்டில் உள்ள அதன் நகலை எறிந்துவிடலாம். கிடங்கில் உள்ளது அப்படியே இருக்கும். ஆனால் மடிக்கணினியில் நிறுவப்படும் மேகச் செயலிகள் பொதுவாகக் கிடங்காக இயங்குவதில்லை. நிலைக்கண்ணாடியைப் போல இயங்குகின்றன. கணினியில் உள்ள கோப்புறையும் மேகத்தில் உள்ள கோப்புறையும் எப்பொழுதும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதே அவற்றின் கட்டளை. இதற்கு ஒத்திசைவு என்று பெயர். ஓரிடத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால் மற்றதிலும் திருத்தப்படும். ஓரிடத்தில் அழித்தாலோ, மற்றதிலும் அழிக்கப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் இதனைத் தம் அனுபவத்திலேயே அறிந்தார். கலைச்சொற் பட்டியல்களும் பழைய மொழிபெயர்ப்புகளும் அடங்கிய கோப்புறை ஒன்று மேகத்தில் உள்ளது என்ற நம்பிக்கையில், கணினியில் இருந்ததை அழித்தார். திரையில் இடம் கூடியது, மனநிறைவும் கூடியது. மூன்று வாரங்கள் கழித்து ஒரு சொல்லைத் தேடி மேகத்தைத் திறந்தபோது அங்கே கோப்புறை இல்லை. நல்வேளையாக மேகத்தின் குப்பைத் தொட்டியில் அது இன்னும் அழியாமல் கிடந்தது. கூகுள் டிரைவில் அத்தொட்டி 30 நாள்களில் தானே காலியாகிவிடும். ஒன்டிரைவின் தனிநபர் கணக்கிலும் காலம் 30 நாள்களே. இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு போயிருக்கும்.

பின் இடத்தைப் பெறுவது எங்ஙனம்? இதற்கெனவே அச்செயலிகளில் தனி ஏற்பாடு உண்டு. விண்டோஸ் கணினிகளில் ஒன்டிரைவுக்கு இவ்வசதி 2017இல் வந்தது. கோப்பின்மீது வலது பொத்தானை அழுத்தினால் தோன்றும் பட்டியலில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்னும் கட்டளை இருக்கும். அதனைத் தேர்ந்தால், கோப்பின் உள்ளடக்கம் கணினியிலிருந்து நீங்கும். பெயரும் அளவும் மட்டும் ஓர் அடையாளச் சீட்டுப்போல் நிற்கும். அதன் அருகே நீல நிற மேகக் குறி தோன்றும். கோப்பைத் திறக்கும்போது இணையத்தின் வழியே அது மீண்டும் இறங்கி வரும். இது இறக்கிவைத்தல். அதே பட்டியலில் உள்ள ‘டெலீட்’ என்பது அழித்தல். இரண்டும் அருகருகே இருக்கின்றன. விளைவுகளோ வெகுதொலைவில் உள்ளன.

இடம் உண்மையாகவே கிடைத்ததா என அறிய எளிய வழி ஒன்று உண்டு. கோப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்தால், ‘சைஸ்’ எனவும் ‘சைஸ் ஆன் டிஸ்க்’ எனவும் இரு அளவுகள் காணப்படும். முன்னது கோப்பின் அளவு. பின்னது அது கணினியில் அடைத்துக்கொண்டுள்ள இடம். இறக்கிவைக்கப்பட்ட கோப்புக்குப் பின்னது சுழியாக இருக்கும். மாணவர்களுக்குக் காட்டுவதற்கும் இது நல்லதொரு செய்முறையாகும்.

கூகுள் டிரைவின் கணினிச் செயலியில் இரு முறைகள் உள்ளன. ‘மிரர்’ என்னும் முறையில் கோப்புகள் இரண்டிடங்களிலும் முழுமையாக இருக்கும். அதனால் இடம் ஒரு துளியும் மிஞ்சாது. ‘ஸ்ட்ரீம்’ என்னும் முறையில் அவை மேகத்தில் இருந்து, வேண்டும்போது மட்டும் வரும். இடம் வேண்டுவோர் பின்னதையே தேர்தல் வேண்டும். புதிய விண்டோஸ் கணினிகளை முதன்முதல் அமைக்கையில், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகள் உரியவர் அறியாமலே ஒன்டிரைவுடன் இணைக்கப்பட்டுவிடுவதும் உண்டு. ‘என் கணினியில்தான் வைத்திருக்கிறேன்’ என்று கூறுவோர் அக்கோப்பின் அருகில் மேகக் குறி இருக்கிறதா என ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

இணையமற்ற இடங்கள்

களப்பணியாளருக்கும் நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியருக்கும் உரிய இடர்ப்பாடு ஒன்று இங்கு உண்டு. அடையாளச் சீட்டு மட்டும் இருக்கும் கோப்பு, இணையம் இல்லாத இடத்தில் திறக்காது. பாடக்காட்சி கணினியில் இருப்பதுபோலவே தோன்றும்; வகுப்பில் நாற்பது பிள்ளைகள் காத்திருக்க, அது சுழன்றுகொண்டே நிற்கும். ஆதலால், புறப்படுவதற்கு முன்னாளில், வேண்டிய கோப்புறையைத் தேர்ந்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்னும் கட்டளையை இடவேண்டும். பச்சை வட்டத்தில் வெண்ணிறச் சரிக்குறி தோன்றினால் கோப்பு கணினியில் நிலைத்துவிட்டது எனக் கொள்ளலாம். அதன் பின்னும் இணையத்தைத் துண்டித்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுவதே இக்கட்டுரையாளரின் வழக்கம்.

நிலப்பட வேலை செய்வோர் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். ஷேப்ஃபைல் எனப்படுவது பெயரளவில் ஒன்றாயினும் எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எஃப். என்னும் மூன்று கோப்புகளேனும் சேர்ந்தது. இவற்றுள் ஒன்று மட்டும் மேகத்தில் தங்கிவிட்டால் நிலப்படம் திறக்காது. அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி ஏற்றுவது பாதுகாப்பு. திறந்த நிலையில் வேலை நடந்துகொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை ஒத்திசைவுக் கோப்புறையில் வைத்தலும் தகாது. எழுதி முடியாத நிலையிலேயே அது மேகத்துக்குச் சென்றுவிடக் கூடும்.

ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இணைய வேகம் பிட்டில் கூறப்படுகிறது. கோப்பின் அளவோ பைட்டில். 8 பிட் சேர்ந்தது 1 பைட். விநாடிக்கு 2 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 40 ஜிகாபைட் ஏற்ற 1,60,000 விநாடிகள், அதாவது 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் பல இணைப்புகளில் குறைவு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஏற்றம் முடிவதற்கு முன் மடிக்கணினியை மூடிவிட்டு, முடிந்துவிட்டது என எண்ணிக் கோப்புகளை வேறிடத்திலிருந்து நீக்கியவர்கள் பலர். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரண்டிடங்களிலும் ஒப்பிட்டு, இரண்டொன்றை மேகத்திலிருந்தே திறந்து பார்த்தபின்னரே நீக்குதல் வேண்டும்.

டேஜானில் நிகழ்ந்தது

இறக்கிவைத்த கோப்புக்கு ஒரே பிரதி மேகத்திலேயே உள்ளது. அம்மேகத்துக்கே தீங்கு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரியாவில் நிகழ்ந்த விபத்து ஒன்று காட்டுகிறது. அந்நாட்டு அரசாங்கம் 2018 முதல் தன் அலுவலர்களுக்கு ‘ஜி-டிரைவ்’ என்னும் மேகச் சேமிப்பை வழங்கிவந்தது. அலுவலர் ஒருவருக்கு 30 ஜிகாபைட் இடம். அலுவற் கோப்புகளைத் தம் கணினியில் வைக்காமல் அதிலேயே வைத்தல் வேண்டும் என அவர்கள் அறிவுறுத்தப்பட்டிருந்தனர்.

2025 செப்டம்பர் 26ஆம் நாள், டேஜான் நகரிலுள்ள தேசியத் தகவல் வள சேவையின் தரவு மையத்தில், லித்தியம்-அயனி மின்கலத் தொகுதியில் தீப்பற்றியது. மின்தடையின்போது எந்திரங்களைக் காப்பதற்கென வைத்த மின்கலங்களே எந்திரங்களை எரித்தன. நூற்றுக்கணக்கான அரசாங்கச் சேவைகள் நின்றன. அவற்றுட் பல பின்னர் மீட்கப்பட்டன. ஜி-டிரைவோ மீளவில்லை. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வேறிடத்தில் பிரதி ஏதும் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்தமையால் பிரதி எடுக்கும் ஏற்பாட்டில் அது சேர்க்கப்படவில்லை எனக் காரணம் கூறப்பட்டது. எல்லாக் கோப்புகளையும் அதிலேயே வைக்கும் முறையைக் கடைப்பிடித்த பணியாளர் மேலாண்மை அமைச்சகமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. அலுவலர்கள் தம் கணினிகளில் தற்செயலாகத் தங்கியிருந்த கோப்புகள், மின்னஞ்சல் இணைப்புகள், அச்சிட்ட தாள்கள் ஆகியவற்றிலிருந்து எஞ்சியதைத் திரட்ட வேண்டியதாயிற்று. சொற்படி நடந்தவர் மிகுதியாக இழந்தார். ஒழுங்கு தவறிக் கணினியில் ஒரு நகல் வைத்திருந்தவருக்கு ஏதோ கொஞ்சம் மிஞ்சியது.

எனவே, மீண்டும் உண்டாக்க முடியாத கோப்புகளுக்கு இன்னொரு பிரதி வேண்டும். மழையளவுக் குறிப்புகள், களப் புகைப்படங்கள், மாணவர் செய்முறைப் பதிவுகள் போன்றவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து, அதனைக் கணினியிலிருந்து பிரித்துத் தனியே பூட்டி வைக்கலாம். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையினர் கடைப்பிடிக்கும் வாய்பாடு. இணைத்தே வைத்த வன்தட்டு, கணினியைத் தாக்கும் தீய நிரல்களுக்கும் இரையாகிவிடும். பென்டிரைவ் கொண்டு செல்வதற்கு ஏற்றது. ஆண்டுக்கணக்கில் வைத்துக் காப்பதற்கு அன்று.

எதனை ஏற்றலாகாது?

அலுவலகக் கோப்புகள் அனைத்தையும் தனியார் மேகத்தில் ஏற்றிவிடலாம் என ஊழியர்கள் கருதலாகாது. மத்திய அரசாங்க ஊழியர்களுக்கென 2022 ஜூனில் தேசியத் தகவலியல் மையம் வகுத்த இணையப் பாதுகாப்பு நெறிமுறைகள், அகப் பயன்பாட்டுக்குரிய, கட்டுப்படுத்தப்பட்ட, மந்தணமான அரசுத் தரவுகளைக் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற அரசு சாராத மேகச் சேவைகளில் வைத்தலாகாது எனக் கூறுகின்றன. அரசாங்கத்துக்கெனவே ‘மேகராஜ்’ என்னும் பெயரில் மேக அமைப்பு உள்ளது. அலுவலகத்தின் கணினிப் பிரிவின் வழியாகவே அதனை அணுக வேண்டும். ஆசிரியர்கள் மாணவரின் பெயர், பிறந்த நாள், புகைப்படம், உடல்நிலைக் குறிப்பு ஆகியவை அடங்கிய பட்டியல்களைத் தம் சொந்தக் கணக்கில் ஏற்றுமுன் தலைமையாசிரியரைக் கலந்துகொள்வது தக்கது. எக்கணக்காயினும் கடவுச்சொல்லுடன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் இயக்கி வைத்தல் அவசியம்.

மாறுதலும் ஓய்வும் வரும் வேளைகளிற்றான் பல கோப்புகள் காணாமற் போகின்றன. அலுவலகமோ பள்ளியோ அளித்த கணக்கு, ஊழியர் விலகியபின் மூடப்படும். அடையாளச் சீட்டுகள் மடிக்கணினியில் எஞ்சியிருந்தாலும் அவற்றின் உள்ளடக்கம் பின்னர் இறங்காது. சொந்தக் கணக்கையும் மறந்துவிடலாகாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆணை கைக்கு வந்த வாரத்திலேயே, விடுவிப்பு நாளுக்குக் காத்திராமல், தமக்குரியவற்றை வன்தட்டுக்கு இறக்கிக்கொண்டு, அலுவலகத்துக்குரியவற்றைப் பொறுப்பேற்பவரின் கணக்குக்கு மாற்றி, அவர் திறந்து பார்த்தார் என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 40 ஜிகாபைட் இறங்குவதற்கும் நேரம் ஆகும்.